20 சென்டிமீட்டரில் 7.8 ஜி.இ.வி. வருதுன்னா, ஆஸ்பத்திரியில ஏன் இன்னும் பழைய மெஷின்?

பாலாறு_பையன் (சித்தூர்) | இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் தலைப்பு குடுக்கணும், அதான் இந்த இழை.

லேசரை வாயுவுல அடிச்சு பிளாஸ்மா ஆக்கி, அதுக்குள்ள எலக்ட்ரானை வேகப்படுத்துறாங்களே, அதைப் படிச்சுட்டு இருக்கேன். அமெரிக்காவுல பெர்க்லி ஆய்வகம் 2019-ல 20 செ.மீ. நீளத்துக்குள்ள 7.8 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (இனிமே ஜி.இ.வி.) ஆற்றல் காட்டியிருக்காங்க. நம்ம இந்தூர் இண்டஸ்-2 எலக்ட்ரான் வளையம் 172 மீட்டர் சுற்றளவு, 2.5 ஜி.இ.வி. தான். கணக்குப் போட்டா தலை சுத்துது.

கைடு கிட்ட சொன்னேன். "அதெல்லாம் பேப்பர்ல வர்ற சமாச்சாரம், நமக்கு எதுக்கு, வேற ஏதாவது எடு"ன்னுட்டார். நிஜமாவே வெத்துப் பேச்சா? இவ்ளோ சின்னதா முடியும்னா வேலூர்ல கேன்சர் வார்டுல இருக்கிற லினாக் (எலக்ட்ரானை வேகப்படுத்திக் கதிர் குடுக்கிற மெஷின்) எல்லாம் ஏன் மாறல?

பலமநேர்_வாத்தியார் | இரவு 9:30

உங்க கைடு பாதி சரி. நான் பாடம் எடுக்க வந்த காலத்துல இருந்து "மேசை மேல் முடுக்கி" வரப்போகுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். மேசை மேல இருக்கிறது அந்த 20 செ.மீ. குழாய் மட்டும்தான். அதுக்குப் பின்னாடி நிக்கிற லேசர் ஒரு பெரிய கூடத்தையே அடைச்சுக்கும். அதைப் படத்துல காட்ட மாட்டாங்க.

அப்புறம் இண்டஸ்-2 சேமிப்பு வளையம் தம்பி. ஒரு தடவை ஏத்தின கற்றையை மணிக்கணக்கா சுத்த விட்டு, அதுல இருந்து எக்ஸ் கதிர் எடுக்கிறாங்க. ஒரே ஓட்டத்துல தள்ளிவிட்டு முடிஞ்சு போற சாதனத்தோட அதை ஒப்பிடக் கூடாது.

நகரி_தறிக்காரர் | இரவு 9:41

நமக்கு நகரிங்க. பவர்லூம் ஓட்டுறோம். பொண்ணு புத்தூர்ல பி.டெக் படிக்குது, அது இந்தப் பக்கத்தைக் காட்டுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரே ஒரு கேள்வி. லேசர்னா வெளிச்சம்தானே? வெளிச்சம் எப்படிங்க எலக்ட்ரானைப் புடிச்சுத் தள்ளும்?

காதங்கி_ராடார் (பணி ஓய்வு) | இரவு 10:05

தறிக்காரர் கேட்டதுதான் சரியான முதல் கேள்வி. என்னால் முடிந்தவரை சொல்கிறேன். நான் லேசர்காரன் அல்ல. திருப்பதி பக்கம் காதங்கியில் இருக்கும் 53 மெகாஹெர்ட்ஸ் ராடாரில் வேலை பார்த்தவன். ஆனால் பிளாஸ்மா எனக்குப் பழக்கம். தலைக்கு மேலே 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதும் அதுதான்.

எலக்ட்ரானும் அயனியும் பிரிந்து கலந்து கிடக்கும் வாயுவில், எலக்ட்ரான்களைக் கொஞ்சம் நகர்த்தினால் அயனிகள் திரும்ப இழுக்கும். வரும் எலக்ட்ரான் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும், மறுபடி இழுபடும். இந்த ஆட்டத்துக்கு ஓர் அதிர்வெண் உண்டு. கன சென்டிமீட்டருக்கு எத்தனை எலக்ட்ரான் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 9 கிலோஹெர்ட்ஸால் பெருக்கினால் போதும். பகலில் அந்த 300 கிலோமீட்டர் பக்கம், அயனி மண்டலத்தின் அடர்த்தி உச்சத்தில் சுமார் 10 லட்சம் எலக்ட்ரான். வர்க்கமூலம் 1000. ஆகவே 9 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள சிற்றலை வானொலி திரும்பி வரும். எங்கள் 53 மெகாஹெர்ட்ஸ் ஊடுருவிப் போகும். அங்குள்ள ஏற்ற இறக்கங்களில் பட்டுச் சிதறுவதைத்தான் நாங்கள் பிடிப்போம்.

லேசர்காரர்கள் எடுக்கும் வாயுவில் கன சென்டிமீட்டருக்கு 10^18 எலக்ட்ரான். நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள மூலக்கூறு எண்ணிக்கையோடு பார்த்தால் இது சில சதவீதம்தான். அதே சூத்திரத்தைப் போடுங்கள்: 9 டெராஹெர்ட்ஸ். லேசர் ஒளி 800 நானோமீட்டர், அதாவது 375 டெராஹெர்ட்ஸ். ஆகவே ஒளி தடையில்லாமல் உள்ளே போகும். போகிற வழியில் என்ன செய்யும் என்பதை விஷயம் தெரிந்தவர் சொல்லட்டும்.

ஃபெம்டோ_திருத்தணி | இரவு 11:20

வந்துட்டேன். ஊர் திருத்தணி, இப்போ வடக்கே ஒரு லேசர் ஆய்வகத்துல பி.எச்டி. ராடார் ஐயா போட்ட அடித்தளத்துல இருந்தே தொடர்றேன்.

தறிக்கார அண்ணா, சாதாரண வெளிச்சம் தள்ளுறது ரொம்பக் கொஞ்சம். இங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10^18 வாட்டுக்கு மேல குவிக்கிறோம். அந்தச் செறிவுல ஒளி தன் எதிரே இருக்கிற எலக்ட்ரானை எல்லாப் பக்கமும் ஒதுக்கித் தள்ளும். அயனி கனம், ஹைட்ரஜன்ல எலக்ட்ரானை விட 1836 மடங்கு, அதனால அசையாம அங்கேயே நிக்கும். லேசர் துடிப்பு கடந்து போனதும் ஒதுங்கின எலக்ட்ரான் திரும்பி ஓடி வரும், தாண்டிப் போகும், ஐயா சொன்ன ஆட்டம் ஆரம்பிக்கும். பழவேற்காட்டுல படகு போனா பின்னாடியே அலை எழும்புமே, அது மாதிரி துடிப்புக்குப் பின்னாடி ஒரு அலை ஒட்டிக்கிட்டே வரும். துடிப்பு ஏறக்குறைய ஒளி வேகத்துல போறதால அலையும் அதே வேகத்துல ஓடும். அந்த அலைக்குள்ள எலக்ட்ரான் குறைஞ்ச இடம் பாசிட்டிவ், கூடின இடம் நெகட்டிவ். நடுவுல இருக்கிற மின்புலம்தான் எலக்ட்ரானை இழுத்துக்கிட்டுப் போகுது. முடுக்குறது அலை. லேசரோட வேலை அலையைக் கிளப்பி விடுறது.

10^18 அடர்த்தியில அந்தப் புலம் மீட்டருக்கு சுமார் 96 ஜிகாவோல்ட் வரை போகலாம். செம்புக் குழிக்குள்ள ரேடியோ அலை விட்டு முடுக்குற பழைய முறையில மீட்டருக்கு 100 மெகாவோல்ட் தாண்டுறதே பெரும் பாடு, உலோகச் சுவர்ல பொறி பறக்க ஆரம்பிச்சுடும். பிளாஸ்மா ஏற்கெனவே உடைஞ்ச பொருள். அதுல இன்னும் உடைய என்ன இருக்கு?

1979-ல தஜிமாவும் டாசனும் இதைக் காகிதத்துல எழுதினாங்க. அந்த டாசனோட 1970-லயே, செறிவான லேசர் பிளாஸ்மாவுல எப்படிப் போகும்னு சேர்ந்து எழுதினவர் நம்ம பிரதிமான் கௌ. பின்னாடி காந்திநகர்ல பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தை வளர்த்தவர். அமெரிக்காவுல இதைச் சோதனையில காட்டினதுல முன்னாடி நின்னவர் மகாராஷ்டிராவுல பிறந்த சந்திரசேகர் ஜோஷி. யாரும் சொல்றதில்லைன்னு இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆனா 1979-ல அப்படிப்பட்ட லேசர் கிடையாது. அலை ஒரு தடவை ஆட எடுக்கிற நேரம் சுமார் 110 ஃபெம்டோ வினாடி (ஃபெம்டோன்னா 10^-15). துடிப்பு அதுல பாதிக்குள்ள இருக்கணும். அவ்ளோ குறுகலான துடிப்பைப் பெருக்கப் போனா பெருக்குற படிகமே பொசுங்கிடும். 1985-ல டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூருவும் வழி கண்டுபிடிச்சாங்க: முதல்ல துடிப்பை நேரத்துல நீட்டு, மெதுவாப் பெருக்கு, கடைசியா திரும்ப ஒடுக்கு. 2018 நோபல் அதுக்குத்தான். 2004-ல பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கான்னு மூணு குழு ஒரே நேரத்துல, ஏறக்குறைய ஒரே ஆற்றல் கொண்ட கற்றையை எடுத்துக் காட்டினாங்க. 2006-ல 3.3 செ.மீ.யில 1 ஜி.இ.வி. 2014-ல 9 செ.மீ.யில 4.2. அப்புறம்தான் தம்பி சொன்ன 7.8.

நகரி_தறிக்காரர் | இரவு 11:34

படகு அலை புரிஞ்சுது சார். அந்த அலைல எலக்ட்ரான் எப்படி ஏறும்? ஓடுற பஸ்ஸுல ஏறணும்னா நாமளும் ஓடணுமே?

பாலாறு_பையன் | இரவு 11:40

அண்ணே, செம கேள்வி 🙏

பலமநேர்_வாத்தியார் | காலை 6:50

படகு உதாரணத்துல ஒரு எச்சரிக்கை. தண்ணியில அலை மேல கீழ ஆடுது. இங்கே ஆட்டம் போற திசையிலேயே முன்னும் பின்னும். பரீட்சையில படகுப் படம் வரைஞ்சு வெச்சா மார்க் போட மாட்டேன்.

ஃபெம்டோ_திருத்தணி | காலை 8:15

வாத்தியார் சொல்றது சரி, அலை கிளம்புறவரைக்கும்தான் படகு.

தறிக்கார அண்ணா கேட்டது இந்தத் துறையோட பெரிய தலைவலி. சும்மா நிக்கிற எலக்ட்ரானைத் தாண்டி அலை போயிடும், அது ஏறாது. அலையை ரொம்பப் பலமா எழுப்பினா அதுவே கொஞ்சம் எலக்ட்ரானை வாரிக்கிட்டுப் போகும். ஆனா எவ்வளவு வாரும், எப்போ வாரும்னு நம்ம கையில இல்ல. அடர்த்தி திடீர்னு இறங்குற இடத்துல அலை தயங்கும், அங்கே ஏத்தலாம். இல்லன்னா ஹீலியத்துல கொஞ்சம் நைட்ரஜன் கலக்கலாம், அதைப் பின்னாடி சொல்றேன்.

ஏறினாலும் முடிஞ்சதா? இல்ல. எலக்ட்ரான் ஒளி வேகத்தை நெருங்கிடும், லேசர் பிளாஸ்மாவுல அதை விட ஒரு துளி மெதுவா போகும். எலக்ட்ரான் முன்னேறி அலையோட தப்பான பாதிக்குள்ள போனா திரும்ப வேகம் குறையும். 10^18 அடர்த்தியில சுமார் 5 செ.மீ.க்குள்ள இது நடந்துடும். அடர்த்தியைக் குறைச்சா இந்தத் தூரம் நீளும், புலம் குறையும். அதனாலதான் 7.8-க்கு 10^18-ஐ விடக் குறைஞ்ச அடர்த்தி, 20 செ.மீ. நீளம். அவ்ளோ தூரம் லேசர் விரியாம இருக்கவும் ஏற்பாடு வேணும். குழாய்க்குள்ள மின்னிறக்கம் விட்டு, நடுவுல அடர்த்தி கம்மியா ஓரத்துல கூடுதலா ஒரு கால்வாய் பண்ணுவாங்க. ஒளி அதுக்குள்ள அடங்கி ஓடும்.

கதிர்_வேலூர் | காலை 10:02

வேலூர்ல மருத்துவ இயற்பியல் வேலை. லினாக் என் தினசரி. தம்பியோட தலைப்புக் கேள்விக்கு நேரா வர்றேன். இதுவரைக்கும் எல்லாரும் ஆற்றலைப் பத்தியே பேசினீங்க. என் பக்கத்துல இருந்து பார்த்தா அது ரெண்டாவது கேள்வி.

தண்ணி மாதிரிப் பொருள்ல வேகமான எலக்ட்ரான் ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 2 எம்.இ.வி. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) விட்டுட்டுப் போகும். 10 எம்.இ.வி. எலக்ட்ரானும் அப்படித்தான், 200 எம்.இ.வி.யும் ஏறக்குறைய அப்படித்தான். ஆற்றல் கூடினா ஆழமாப் போகும், அவ்வளவே. டோஸ் எவ்வளவுன்னு தீர்மானிக்கிறது எத்தனை எலக்ட்ரான் வந்துச்சுங்கிறது. ஒரு கிரே (உடம்பு வாங்குற கதிர் டோஸோட அலகு) டோஸுக்கு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 300 கோடி எலக்ட்ரான் வேணும்.

வழக்கமான ஒரு நாள் சிகிச்சை 2 கிரே. 10-க்கு 10 செ.மீ. பரப்புன்னு வைங்க. 100 சதுர சென்டிமீட்டர். மொத்தம் சுமார் 6 × 10^11 எலக்ட்ரான், அதாவது 100 நானோ கூலும் மின்னூட்டம்.

இப்போ அந்த 7.8 ஜி.இ.வி. சாதனையை எடுங்க. அந்த ஆற்றல் உச்சியில இருந்த மின்னூட்டம் சுமார் 5 பிகோ கூலும் (ஆயிரம் பிகோ ஒரு நானோ). அந்த லேசர் வினாடிக்கு ஒரு துடிப்பு. 100 நானோ கூலும் சேர 20,000 துடிப்பு. அஞ்சரை மணி நேரம் நோயாளி அசையாம படுத்திருக்கணும். எங்க வார்டுல ஒருத்தருக்கு 10, 15 நிமிஷம் ஒதுக்கினாலே சாயங்காலம் வரைக்கும் வராண்டாவுல கூட்டம். சித்தூர், மதனப்பள்ளி, குப்பம்னு உங்க பக்கத்துல இருந்தே எத்தனை பேர் விடிகாலை பஸ் புடிச்சு வர்றாங்க.

பாலாறு_பையன் | காலை 10:20

அக்கா, ஆனா 7.8 யாருக்கும் வேண்டாமே. சிகிச்சைக்கு 200 எம்.இ.வி. போதும்னா குறைஞ்ச ஆற்றல்ல அதிக எலக்ட்ரான் எடுக்கலாம் இல்லையா?

கதிர்_வேலூர் | காலை 10:41

எடுக்கலாம். அதுதான் சரியான திசை. துடிப்புக்கு 100 பிகோ கூலும் வந்தா 1000 துடிப்பு. வினாடிக்கு ஒண்ணுன்னா 17 நிமிஷம். வினாடிக்குப் பத்துன்னா 100 வினாடி. அப்போ பேசலாம்.

இன்னொரு விஷயம். இப்போ எங்க மெஷின்ல கிடைக்கிற எலக்ட்ரான் 6-ல இருந்து 20 எம்.இ.வி. வரைக்கும். 12 எம்.இ.வி.யில உருப்படியா டோஸ் கிடைக்கிற ஆழம் 3, 4 செ.மீ. தான். தோல் பக்கம் இருக்கிற கட்டிக்கு மட்டும். ஆழத்துக்கு எக்ஸ் கதிர் வேணும். 100, 200 எம்.இ.வி. எலக்ட்ரான் கையில வந்தா வயித்துக்குள்ள ஆழமா இருக்கிற கட்டி வரைக்கும் போகும். இதைப் பத்தி 2000-லயே பேச ஆரம்பிச்சுட்டாங்க. அந்த ஆற்றலுக்குப் பழைய முறையில முடுக்கி கட்டினா ஆஸ்பத்திரி அறையில அடங்குறது கஷ்டம். லேசர் பிளாஸ்மாக்காரங்க எங்க கிட்ட வர்றது அந்தக் கதவு வழியாதான்.

ஆனா நான் கேக்குற முதல் கேள்வி: நேத்து 10 மணிக்கு வந்த கற்றையும் இன்னைக்கு 10 மணிக்கு வர்ற கற்றையும் ஒண்ணா? தினமும் காலையில நோயாளி வர்றதுக்கு முன்னாடி லினாக் வெளிய விடுற டோஸை அளக்குறோம். 3 சதவீதம் விலகினா நிறுத்திடுவோம். துடிப்புக்குத் துடிப்பு ஆற்றலும் மின்னூட்டமும் ஆடுற மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்ன சொல்லும்னு நினைக்கிறீங்க?

ஃபெம்டோ_திருத்தணி | மதியம் 1:10

மேடம் கேட்டது எங்க லேப்ல சுவர்ல எழுதி ஒட்ட வேண்டியது. ரெண்டு பதில்.

ஒண்ணு, நிலைப்புத் தன்மை மேல இப்போதான் நிஜமான வேலை நடக்குது. ஜெர்மனியில டெஸி ஆய்வகத்துல 2020-ல ஒரு நாள் முழுக்க விடாம ஓட்டி ஒரு லட்சம் கற்றை எடுத்தாங்க. அதுல கிடைச்ச பெரிய பாடம், கற்றையோட ஆட்டத்துல பெரும்பகுதி லேசரோட ஆட்டம். லேசரோட திசை, ஆற்றல், குவியம் எல்லாத்தையும் துடிப்பு தோறும் பதிஞ்சு வெச்சாங்க. எலக்ட்ரான் கற்றை ஏன் மாறிச்சுன்னு அதை வெச்சே சொல்ல முடிஞ்சுது. 7.8 ஜி.இ.வி.யை விட இது எனக்குப் பெரிய செய்தி. 2021-ல ஷாங்காய்ல இந்த வகைக் கற்றையை வெச்சே கட்டற்ற எலக்ட்ரான் லேசர் (வேகமான எலக்ட்ரானை ஆட்டி லேசர் ஒளி எடுக்கிற சாதனம்) ஓட்டி 27 நானோமீட்டர் ஒளி எடுத்தாங்க. அதுக்கு மோசமான கற்றை ஒத்தே வராது.

ரெண்டு, துடிப்பு எண்ணிக்கை. சில மில்லி ஜூல் லேசர்ல வினாடிக்கு 1000 துடிப்பு வெச்சு 5 எம்.இ.வி. அளவுக்கு பிரான்ஸ்ல எடுத்திருக்காங்க. ஆற்றல் கம்மி, ஓட்டம் நிறைய. டாடா ஆய்வு நிறுவனத்தோட ஹைதராபாத் மையத்துல மெதனால் துளி மேல மில்லி ஜூல் லேசரை அடிச்சு 1 எம்.இ.வி. எலக்ட்ரான் எடுத்ததும் இந்தப் பாதை மாதிரிதான், ஆனா அங்கே நடக்குற இயற்பியல் வேற, இந்த அலை முடுக்கம் இல்ல. தம்பி, ஹைதராபாத் உனக்கு ராத்திரி ரயில் தூரம்.

நகரி_தறிக்காரர் | மதியம் 2:25

கரன்ட் எவ்ளோ திங்கும் சார்? நமக்கு பில்லுதான் முதல்ல கண்ணுல படும்.

காதங்கி_ராடார் | மாலை 4:00

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 பிகோ கூலும், 7.8 ஜி.இ.வி. பெருக்கினால் 39 மில்லி ஜூல். லேசர் துடிப்பு 31 ஜூல். ஆக லேசரில் இருந்து அந்த உச்சிக் கற்றைக்குப் போனது ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். இதற்குப் பயன்படும் டைட்டானியம் நீலக்கல் லேசரோ சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் ஒளியாகத் தரும். இரண்டையும் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒன்று. தறிக்காரரே, இந்த விகிதத்தில் தறி ஓட்டினால் ஊரை விற்க வேண்டும்.

நகரி_தறிக்காரர் | மாலை 4:12

ஐயோ சாமி 😂

பலமநேர்_வாத்தியார் | மாலை 5:30

ராடார் ஐயா கணக்கு நியாயம்தான், ஆனா ஒரு பக்கம். அந்தச் சோதனை ஆற்றல் எவ்ளோ உயரம் போகும்னு பார்க்க வடிவமைச்சது, சிக்கனம் அதோட நோக்கம் இல்ல. மின்னூட்டம் கூடுதலா ஏத்தி, ஆற்றலைக் குறைச்சு வெச்சா லேசரில் இருந்து கற்றைக்குப் போற பங்கு நல்லாவே உயரும். லேசர் சுவர்ல இருந்து எடுக்கிற பங்குதான் பெரிய ஓட்டை. அதை டையோடு கொண்டு நேரடியா ஊட்டுற இட்டெர்பியம் லேசர்கள் மாதிரி ஏதாவது வந்துதான் அடைக்கணும்.

இதை வெச்சுத் துகள்களை மோதவிடுற இயந்திரம் கட்டப்போறதா யாராவது சொன்னா மட்டும் நம்பாதீங்க. கற்றையை ஒரு முடுக்கக் கட்டம் முடிஞ்சு இன்னொரு கட்டத்துல ஏத்தணும், 2016-ல பெர்க்லியில ரெண்டு கட்டம் சேர்த்தப்போ கூடினது 100 எம்.இ.வி. அதுக்கு மேல பாசிட்ரான் (எலக்ட்ரானோட பாசிட்டிவ் ஜோடி) இருக்கு. அலைக்குள்ள எலக்ட்ரானைக் கட்டி அணைக்கிற அதே குழி பாசிட்ரானை வெளிய தள்ளும்.

மட்டுறுத்துநர் | மாலை 5:48

பாசிட்ரான் விவாதம் ஆரம்பிச்சா இழை 40 பக்கம் போகும். அதுக்குத் தனி இழை திறந்துக்கோங்க. இங்கே ப்ராஜெக்ட் கேள்விக்கு வாங்க.

பாலாறு_பையன் | இரவு 8:30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கதிர் அக்கா கணக்கைக் கைடு கிட்ட காட்டினேன். அஞ்சரை மணி நேரத்தைப் பார்த்து சிரிச்சார், ஆனா "இந்தக் கேள்வியை வெச்சா எடுத்துக்கோ"ன்னார். லேசர் எங்க காலேஜ்ல கனவுலயும் கிடையாது. கம்ப்யூட்டர்ல செய்யலாம்னு இருக்கேன்: ஒரு ஜூலுக்குக் கீழ இருக்கிற லேசர்ல 100 எம்.இ.வி. பக்கம் எவ்வளவு மின்னூட்டம் எடுக்கலாம். ஃபெம்டோ அண்ணா, என்ன எண் போடட்டும்?

ஃபெம்டோ_திருத்தணி | இரவு 10:15

நல்ல கேள்வியா மாத்திட்ட. எஃப்பிபிக் (FBPIC)னு இந்தப் பிளாஸ்மா அலையைக் கணக்கிடுற இலவச நிரல், பைத்தான்ல இருக்கு. அச்சைச் சுத்தி சமச்சீர் இருக்குங்கிறதைப் பயன்படுத்திக்கும், அதனால முழு முப்பரிமாணத்தை விட ரொம்ப மலிவு. ஒரு பரிமாணத்துல மட்டும் போட்டுப் பார்க்காதே. லேசர் தானே குவியுறதும், எலக்ட்ரான் பக்கவாட்டுல ஒதுங்குறதும் அதுல வரவே வராது.

ஆரம்பிக்க: 800 நானோமீட்டர், 30 ஃபெம்டோ வினாடி, குவியத்துல 10 மைக்ரான் ஆரம், அலகில்லாத லேசர் வலிமை (a0) 2. இது சுமார் 13 டெராவாட், அரை ஜூலுக்குள்ள. அடர்த்தி 4 × 10^18. அப்போ பிளாஸ்மா அலை நீளம் 16.7 மைக்ரான், ஆட்ட நேரம் 56 ஃபெம்டோ வினாடி, துடிப்பு அதுல ஏறக்குறைய பாதி. தானே குவிய வேண்டிய எல்லைத் திறன் இந்த அடர்த்தியில 7 டெராவாட் சொச்சம், நீ தாண்டிட்ட. கணக்கிடுற பெட்டி நீளம் 60 மைக்ரான், ஒரு ஒளி அலை நீளத்துக்கு 30 கட்டம். வாயு 2 மி.மீ. போதும். முதல்ல கரடுமுரடா ஓட்டிப் பாரு, அப்புறம் கட்டத்தை இரட்டிப்பாக்கி விடை மாறுதான்னு பாரு. மாறினா முதல் விடையைத் தூக்கிப் போடு.

கதிர்_வேலூர் | இரவு 10:31

தம்பி, அட்டவணையில ஆற்றல் பத்திக்குப் பக்கத்துல "துடிப்புக்கு எத்தனை பிகோ கூலும்", "2 கிரேக்கு எத்தனை துடிப்பு"ன்னு ரெண்டு பத்தி போடு. நான் குடுத்த கணக்கு சிதறலையும் வடிகட்டலையும் சேர்க்கலை, நிஜத்துல இன்னும் கூடுதல் எலக்ட்ரான் வேணும். அதையும் கீழே எழுதிடு.

பாலாறு_பையன் | இரவு 10:40

போட்டுடுறேன் அக்கா. அண்ணா, நைட்ரஜன் கலக்குறதைச் சொல்றேன்னீங்களே. எத்தனை சதவீதம்?

ஃபெம்டோ_திருத்தணி | இரவு 11:05

1 சதவீதத்துல ஆரம்பி. ஹீலியம் எலக்ட்ரானும் நைட்ரஜனோட வெளி அஞ்சு எலக்ட்ரானும் துடிப்போட முன் விளிம்புலயே கழண்டுடும். உள்ளே இருக்கிற ரெண்டும் 552, 667 எலக்ட்ரான் வோல்ட்டுல கட்டிக் கிடக்கு. துடிப்பு உச்சத்துல, சதுர சென்டிமீட்டருக்கு 10^19 வாட் வந்தாத்தான் அது அவிழும். அதனால அந்த எலக்ட்ரான் அலைக்குள்ளேயே பிறக்குது, வெளியில இருந்து ஓடி வந்து ஏற வேண்டியதில்ல. தறிக்கார அண்ணா கேட்ட பஸ் கேள்விக்கு இதான் ஒரு பதில்.

வலிமை 2-ல நீ அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருக்க, லேசர் தானே குவிஞ்சுதான் தாண்டும். எங்கே தாண்டுதுன்னு பாரு, அங்கேதான் ஏத்தம் ஆரம்பிக்கும். நைட்ரஜனைக் கூட்டினா மின்னூட்டம் கூடும், ஆனா வாயு முழுக்க ஏறிக்கிட்டே இருந்தா ஆற்றல் பரவல் அகலமாயிடும். அதைத் தடுக்க நைட்ரஜனை முதல் அரை மி.மீ.க்கு மட்டும் வெச்சு, மிச்சத்தைச் சுத்த ஹீலியமா விடு. ரெண்டு ஓட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இங்கே படம் போடு, பார்க்கலாம்.